மேல ஆஸ்பத்திரியும் கீழ ஆஸ்பத்திரியும்

ஜூன் 9, திங்கள்

விடியும் முன்பே சாரல். ரப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லை. பெண்டாட்டி தங்கத்துக்கு டயாலிசிஸ் நாள். வாரம் ரெண்டு தடவை, திங்களும் வியாழனும். முப்பது வருசம் என்னை ஓட்டினவளை இப்போது மெஷின் ஓட்டுகிறது.

கீழ ஆஸ்பத்திரியில் புதுச் சட்டம். டியூப், ஊசி, ஃபில்டர் எல்லாம் அவர்கள் மருந்துக்கடையில்தான் வாங்க வேண்டுமாம். வெளியில் கிடைப்பதைப் போல ரெண்டு மடங்கு விலை. விடுவேனா? எட்டாம் கிளாஸ்தான், ஆனால் ரப்பர் ஷீட் வியாபாரி. கோட்டயம் ஏலத்தில் கண்ணசைவில் விலையை ஏற்றியவன்.

"அப்படியானா மேல ஆஸ்பத்திரிக்குப் போறேன்" என்றேன். ஆறு வருசமாக இந்த ஒரு சொல்லுக்கு இறங்கி வந்தவர்கள்.

மானேஜர் சிரித்தார். "போங்க அண்ணாச்சி. அதுவும் இப்போ நம்மதுதான். போன மாசம் வாங்கியாச்சு."

அவர்கள் சாமானையே வாங்கிக் கொடுத்தேன். மானேஜர் நடுங்கிப் போனார் என்று தங்கத்திடம் சொன்னேன்.

"நடுங்குனது ஒங்க கையாக்கும். டம்ளரப் பிடிச்சப்ப கண்டேன்."

ஜூன் 10, செவ்வாய்

மழை. நம்பாமல் மேல ஆஸ்பத்திரிக்கு நேரே போனேன். அதே மருந்துக்கடை, புதுப் போர்டு, பெயிண்ட் வாசம் போகவில்லை. விலையும் அதே. கவுண்டர் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "நேத்து கீழ சண்ட போட்டது நீங்கதானா?"

நான் போவதற்குள் என் பேர் அங்கே போயிருக்கிறது. மந்திரிக்குக்கூட இவ்வளவு வேகம் கிடையாது.

வாங்க வேண்டியது: பல்பு, கோழித்தீவனம், தங்கத்துக்குப் பெரிய செருப்பு. கால் வீங்கிவிட்டது. பழையது ஏறவில்லை.

ஜூன் 11, புதன்

வெயில். வக்கீல் குமாஸ்தா சொன்ன தகவல்: ஒருத்தனே எல்லாவற்றையும் வாங்கிப் போட்டியே இல்லாமல் ஆக்கினால், ஏன் என்று கேட்க டெல்லியில் ஆபீஸ் இருக்கிறது. வியாபாரப் போட்டிக்கென்றே தனி ஆபீஸ். மனு நானே எழுதினேன். படித்தால் டெல்லி கலங்கும்.

"ஐயா, அருமனையில் என் ஷீட்டை வாங்க ரெண்டு கடை இருந்தபோது விலை பேச எனக்கு வாய் இருந்தது. ஒரு கடையை மற்றவன் வாங்கினான். அன்றோடு வாய் போயிற்று. ஷீட்டை வீட்டில் அடுக்கி வைத்துக் காத்திருக்கலாம். பெண்டாட்டி ரத்தத்தை அப்படி வைக்க முடியுமா?"

போஸ்ட் ஆபீஸில் அந்தப் போட்டி ஆபீஸின் விலாசம் கேட்டேன். "போட்டியா? எந்தப் பரீட்சைக்கு மாமா, இந்த வயசுல?" என்றாள் கவுண்டரில் இருந்தவள். க்யூவே சிரித்தது. நானும் சிரித்தேன், கலெக்டர் வேலைக்கு என்றேன். பிறகு அவள் மனுவைப் படித்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். "கூட நாலு பேருக்க ஒப்பும் இருந்தா நல்லது மாமா."

நாலென்ன, நாற்பது கையெழுத்து வாங்குவேன் என்றேன்.

ஜூன் 12, வியாழன்

மறுபடி மழை. முதல் பஸ். தங்கத்துக்கு மூச்சு வாங்கியது. பஸ்ஸில் என் தோளில் சாய்ந்தபடியே வந்தாள்.

டயாலிசிஸுக்குக் காத்திருந்தவர்களிடம் மனுவை வாசித்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள். பேனாவை நீட்டினால் கையை இழுத்துக்கொண்டார்கள். நாலு வருசமாக எங்களோடு வரும் செல்லப்பன் காதோரம் சொன்னார்: "ஓய், நீரு சொல்லுகது நெசம். ஒப்பு போட்டா எனக்க பெட்டு போவும். பொறவு நான் எங்க போவேன்?"

மேல ஆஸ்பத்திரிக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். மூடிக்கொண்டேன்.

எங்கள் முறை. மானேஜர் வந்தார். "மெஷின் ரிப்பேரு அண்ணாச்சி. திங்கக்கெழம பாப்போம்." தங்கம் நாற்காலியில் சரிந்து கிடக்கிறாள், உதடு வெளுத்து. திங்கட்கிழமை வரை தாங்காது.

"அது என்ன பேப்பரு?" என்றார்.

கொடுத்துவிட்டேன். பத்து நிமிடத்தில் மெஷின் சரியானது.

ஊசி ஏறி, ரத்தம் சுற்றத் தொடங்கி, கொஞ்ச நேரம் கழிந்து தங்கம் கண் திறந்தாள். "டெல்லிக்கு அனுப்பியாச்சா?"

"அனுப்பியாச்சு. ரிஜிஸ்டர் தபால். நாற்பது பேர் ஒப்பு."

ஊசி இல்லாத கையை என் பக்கம் நீட்டினாள்.

"எனக்க ஒப்பு நீங்க வாங்கல்லியே."