ஐந்தரைக் கட்டைச் சுருதி

மல்வேர்ன், ரொறன்ரோ
ஞாயிறு காலை

அன்பு மகள் நிரூபாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், ஹம்பேர்க் குளிரில் நீயும் உன் தொண்டையும் சுகமாக இருக்கவேணும். அப்பாவின் முழங்கால் பரவாயில்லை, ஆனால் பனி வழிக்கப் போகாதையுங்கோ என்றால் கேட்கிற மனிசனா. நீ அனுப்பிய வீடியோவை மூன்று தரம் பார்த்துவிட்டார். முந்தியெல்லாம் சூனியக்காரி, வேலைக்காரி, மீசை வைத்த பொடியன் என்று வருவாய், இந்தப் புது ஒப்பரா நாடகத்தில் தபால் கந்தோர் அதிகாரியாக வந்திருக்கிறாய், பிள்ளைக்குக் கடைசியில் ஒரு கவுண்மேந்து உத்தியோகம் கிடைச்சிட்டுது என்று யோகராணி அன்ரிக்குப் போன் பண்ணிச் சொல்லிச் சிரித்தார். எனக்கு அதில் எது ராகம் எது தாளம் என்று இன்னும் பிடிபடவில்லை, பொய் சொல்லமாட்டேன். ஆனால் நீ கீழ் ஸ்தாயிக்கு இறங்கிப் பாடின இடத்தில் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

இனி நீ எழுதின விசயத்துக்கு வருகிறேன். அடுத்த நாடகத்தில் முழுக்க மேல் ஸ்தாயியில் நின்று பாடுகிற பெண் பிள்ளைப்பேற்றுக்குப் போகிறாள், அந்த இடத்துக்கு உன்னைக் கேட்கிறார்கள், தொண்டை டொக்டர் உன் குரலுக்கு அது கூடாது என்கிறார், வெள்ளிக்கிழமைக்குள் நீ பதில் சொல்லவேணும். எல்லாம் விளங்குகிறது. இரண்டு வருசமாகப் பெரிய பாத்திரம் வராத கவலையும் விளங்குகிறது. ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய், அரங்கேற்றத்தில் சோம்பல்பட்டுக் குரலை உடைத்தது போல இந்த முறை விடமாட்டேன், உழைத்தால் எட்டும் என்று. அந்த வரியை வாசித்ததிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. போனில் சொன்னால் பரவாயில்லை அம்மா என்று இடையில் நிற்பாட்டிவிடுவாய், அதனால்தான் கடிதம், வெள்ளிக்கு முன்னம் உனக்குக் கிடைக்க அப்பா போனில் படம் எடுத்து அனுப்புவார்.

சின்னனில் உன் பாட்டு ரீச்சர் உனக்கு வைத்த சுருதி நாலு கட்டை. தாழ்ந்த குரல், அதுதான் பிள்ளையின் குரல் என்றா. அரங்கேற்றத்துக்கு இரண்டு மாதம் இருக்கேக்கை உனக்குத் தெரியாமல் நான் அவவிடம் போய் ஐந்தரைக்கு ஏற்றச் சொன்னேன். யோகராணியின் மகள் ஐந்தரையில் பாடினாள், உனக்கு ஆம்பிளைக் குரல் என்று மண்டபத்தில் ஆரும் சொல்லிவிடுவார்கள் என்று பயம். எனக்கும் தாழ்ந்த குரல்தான், பள்ளிக்கூடத்துக் குழுப்பாட்டில் வாயை மட்டும் அசைக்கச் சொன்னவர்கள், அந்த வெட்கம் உனக்கு வரக்கூடாது என்று நினைத்தேன். பிள்ளையின் தொண்டை தாங்காது என்று ரீச்சர் எவ்வளவோ சொன்னா. மண்டபம் எடுத்தாச்சு, கார்ட் அடிச்சாச்சு என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். நீ நல்லாய்ப் பாடுவதால்தான் ஏற்றுகிறோம் என்று உன்னிடம் சொல்லச் சொன்னதும் நான்தான்.

ஐந்நூறு சனத்துக்கு முன்னால் உன் குரல் உடைந்தது. காரில் வரும்போது நீ அழுதுகொண்டு, ஸொரி அம்மா, நான் வடிவாய்ப் பிராக்டிஸ் பண்ணேல்லை என்றாய். நான் ஓம், இனியாவது கவனமாயிரு என்றேன். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு நான் சொன்ன அந்த ஓம் இருபத்திரண்டு வருசமாக என் நெஞ்சில் முள்ளாய் இருக்கிறது. நீ ஒரு நாளும் சோம்பல்பட்டதில்லை. உன் குரலில் ஒரு பிழையும் இருக்கவில்லை. பிழை முழுக்க என்னுடையது, என்னை மன்னித்துக்கொள். நேற்றுத்தான் அப்பாவுக்குச் சொன்னேன். பிள்ளைக்கு உடனே எழுது என்றார்.

அந்த இடத்தை எடு என்றோ விடு என்றோ சொல்லமாட்டேன், ஒரு தரம் உனக்காக நான் முடிவெடுத்தது போதும். டொக்டரைக் கேள், உன் தொண்டையைக் கேள். இல்லாத சோம்பலுக்குப் பரிகாரமாக மட்டும் ஓம் சொல்லாதே, அவ்வளவுதான் என் கெஞ்சல்.

றிச்மண்ட்ஹில் கோயிலில் உன் நட்சத்திரத்துக்கு அர்ச்சனை சொல்லியிருக்கிறேன், நீ எந்த மேடையில் நின்றாலும் குறைவில்லாமல் இருப்பாய். மல்லித் தண்ணியை மறக்காதே, கழுத்துக்குத் துணி சுற்றாமல் வெளியே போகாதே. உன் பழைய சுருதிப் பெட்டி பேஸ்மென்றில் அன்று வைத்த ஐந்தரையிலேயே கிடந்தது. இன்று காலை எடுத்து நாலுக்கு இறக்கி, அதோடு சேர்ந்து ஒரு தேவாரம் பாடிப் பார்த்தேன். எனக்கும் அது சரியாய் இருந்தது, மகள்.

என்றும் உன் அம்மா,
தவமணி ஸ்ரீதரன்