வெறுங்காலுக்குக் காசில்லை

ஒட்ரோபண்டா, குராசோ
ஆகஸ்ட் 1921

அன்புள்ள சிரியாக்கோவுக்கு,

நிகொலாசா எழுதுவது. நானும் பிள்ளையும் சுகம். கியூபாவில் நீங்களும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். ஈஸ்டருக்குப் பிறகு உங்களிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. கோபம்தான். இருந்தாலும் எழுதுகிறேன்.

இங்கே மழை இல்லை. ஆடு குட்டி போட்டிருக்கிறது. பிள்ளைக்கு முன்பல் விழுந்துவிட்டது, பொக்கை வாயோடு ஊரைச் சுற்றி வருகிறாள். பின்னிய தொப்பிகளைக் கொடுக்க நான் பாலம் தாண்டி அக்கரைக் கடைகளுக்குப் போய் வருகிறேன். துறைமுகத்துக்குக் கப்பல் வந்தால் அந்த மிதவைப் பாலம் இன்னும் அப்படியே விலகிப்போய் நம்மைக் கரையில் காக்கவைக்கிறது. சப்பாத்துப் போட்டவர்களுக்குக் கட்டணம், வெறுங்காலுக்கு இலவசம் என்ற சட்டமும் மாறவில்லை. ஏழைகளுக்கு இரக்கப்பட்டுப் போட்ட சட்டமாம். துணிக்கடை முதலாளி போன வாரம்கூடப் பளபளக்கும் சப்பாத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓசியில் கடந்தார். நம் ஆட்கள்தான் இரவல் சப்பாத்தை மாட்டி, காசையும் கொடுத்து, நெஞ்சை நிமிர்த்திப் போகிறார்கள்.

நம் கல்யாணத்தன்று நீங்கள் செய்ததும் அதுதானே. உங்கள் சித்தப்பா மகனின் சப்பாத்து, உங்கள் காலுக்குச் சின்னது. பாலம் முடியும்வரை ராஜா மாதிரி நடந்தீர்கள். அந்தக் கரையை மிதித்ததும் நொண்டினீர்கள். அன்றைக்குச் சிரித்தேன். அந்த நடையில்தான் மயங்கினேன் என்பதையும் இப்போது சொல்லிவிடுகிறேன்.

பக்கத்து வீட்டுப் போலோ கியூபாவிலிருந்து திரும்பிவிட்டான். உங்களைப் பற்றிக் கேட்டேன். "அண்ணனுக்கு என்னக்கா, ஜம்முனு இருக்காரு" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. "சர்க்கரை விலை விழுந்து ஆலையெல்லாம் மூடியாச்சுன்னு ஊரே பேசுது. உங்க அண்ணன் மட்டும் எந்தக் கரும்பை வெட்டறாரு?" என்றேன். அப்புறம் எல்லாம் வந்தது. நீங்கள் சாந்தியாகோ துறைமுகக் கொட்டகையில் படுப்பது, காய்ச்சலில் கிடந்தது, சப்பாத்தை விற்றுச் சாப்பிட்டது. தன்னோடு கப்பல் ஏறக் கூப்பிட்டபோது, "வெறுங்கையோட, வெறுங்காலோட அந்தப் பாலத்துல என்னை நடக்கச் சொல்றியா?" என்று நீங்கள் கேட்டதையும் சொன்னான். அவனைத் திட்டாதீர்கள். சோளக்களியும் மீன் குழம்பும் போட்டு நான்தான் வாயைப் பிடுங்கினேன்.

அழுதேன். பிறகு ஆத்திரம் வந்தது. காசுக்காகவா உங்களைக் கட்டிக்கொண்டேன்?

அங்கே மாட்டிக்கொண்டவர்களை அழைத்துவர அரசாங்கம் கப்பல் அனுப்புகிறது. இந்தக் கடிதம் அதில்தான் வருகிறது. கட்டணம் கிடையாது, ஆனால் இதற்குப் பிறகு வேறு கப்பல் இல்லை என்கிறார்கள். இங்கே எண்ணெய் ஆலையில் ஆள் எடுக்கிறார்கள். காய்ச்சல் போனதும் பார்த்துக்கொள்ளலாம்.

கப்பல் அக்கரையில்தான் கட்டுமாம். நான் இந்தப் பக்கம் காத்திருக்க மாட்டேன். அங்கேயே வந்து நிற்பேன், பிள்ளையும் வருவாள். இரவல் சப்பாத்து எதுவும் தேடாதீர்கள். நாங்கள் இருவரும் வெறுங்காலோடுதான் வருகிறோம். மூன்று பேரும் நடுப்பாலத்தில், எல்லோரும் பார்க்க, ஓசியில் நடந்து வீட்டுக்கு வருவோம்.

மாதா உங்கள் கையைப் பிடித்துக் கப்பலில் ஏற்றட்டும்.

உங்கள்
நிகொலாசா