குண்டசாலை வளைவில் ஒரு நடைபாதை

அன்புள்ள சரோ அக்கா,

நீ போன பிறகு வரும் இரண்டாவது மழைக்காலம் இது. உன் மகள் நித்யா கண்டியில் தாதிப் பயிற்சிக்குப் போகிறாள், நீ வேலைக்குப் போய்வந்த அதே பஸ்ஸில். "வந்து சேந்துட்டேன் சித்தி" என்று அவள் செய்தி அனுப்பும் வரை எனக்கு வேலை ஓடுவதில்லை.

கண்டிப் பக்கத்துப் போக்குவரத்துத் திட்டத்துக்கு வரைபடம் வரைவது எங்கள் காரியாலயம்தான். போன மாதம் குண்டசாலைப் பகுதி என் மேசைக்கு வந்தது. துணிக்கடை வேலை முடிந்து இறங்கி, நடைபாதை இல்லாமல் வீதியோரமாக நடந்த உன்னை லொறி அடித்த அந்த வளைவும் அதில் இருந்தது. அங்கே மரங்களை வெட்டி, வீதியை அகலமாக்கி, கார் நிறுத்த இடம் விடச் சொல்லியிருந்தார்கள். வரைந்து கொடுத்தேன் அக்கா. எப்படி முடிந்தது என்னால்?

"நீ அந்த ஆபீஸ்லதானே இருக்க, அந்த வளைவப் பத்தி ஒரு வார்த்த சொல்லேன்" என்று நீ ஒருநாள் கேட்டாய். "அது என் வேல இல்லக்கா, நான் கோடு போடுறவ" என்றேன். நீ பேச்சை மாற்றிவிட்டாய். கொஞ்சம் கோபப்பட்டிருக்கக் கூடாதா?

ஊராரிடம் கருத்துக் கேட்கக் கூட்டம் வைத்தார்கள். பொறியியலாளர் வாகன எண்ணிக்கையை வாசித்து முடித்ததும், தெல்தெனியவிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா எழுந்தார்.

"பஸ்ஸுல நின்னுக்கிட்டே வர்றோம். எறங்குனா பயந்துக்கிட்டே நடக்கிறோம். எங்கள எதுல சேத்தீங்க ஐயா?"

நான் எழுந்துவிட்டேன்.

"நடக்கிறவங்கள நாங்க எண்ணவே இல்ல சேர். அந்த வளைவுலதான் எங்க அக்கா செத்தாங்க."

அதுவரை அதைக் காரியாலயத்தில் யாரிடமும் நான் சொன்னதில்லை. பொறியியலாளர் கையிலிருந்த தாள்களை மூடி வைத்தார். பிறகு, "அப்ப எண்ணிட்டு வாங்க" என்றார்.

ஒரு வாரம் காலையும் மாலையும் அங்கே நின்று எண்ணினேன். காரில் போகிறவர்களைவிட பஸ்ஸிலும் நடந்தும் போகிறவர்கள்தான் அதிகம். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒருத்தி நின்று, "எங்கள எண்ணி என்னங்க ஆகப் போகுது?" என்று கேட்டாள். அவளையும் சேர்த்து எண்ணிக்கொண்டேன்.

அந்த எண்ணிக்கையை வைத்து நான் வரைந்த புதிய வரைபடத்தை நேற்று ஏற்றுக்கொண்டார்கள். கார் நிறுத்தும் இடம் போய், நடைபாதை வந்திருக்கிறது. பஸ் தரிப்பிடம் வளைவைத் தாண்டி நேரான இடத்துக்குப் போகிறது. மரங்களையும் வெட்டமாட்டார்கள். எல்லோரும் கைகொடுத்தார்கள். எனக்கு என்மேல் ஆத்திரம்தான் வந்தது. ஒரு வாரத்து வேலை அக்கா இது. நீ கேட்ட அன்றே நான் வாய் திறந்திருந்தால்?

தாளில் இருப்பது இன்னும் தரைக்கு வரவில்லை. அங்கே கல் பதிக்கும் நாள் வரை, கோப்பு யார் மேசையில் கிடக்கிறது என்று வாராவாரம் போய்க் கேட்பேன். அடுத்து பிலிமத்தலாவைப் பகுதி வருகிறது. நடக்கிறவர்களை எண்ணி முடிக்காமல் அதில் ஒரு கோடும் போடமாட்டேன்.

தாமதமாகப் பேசிய உன் தங்கச்சி,
மாலா