கீழ் ட்ரேயில் நாற்பத்தொரு பேர்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். ஒரு வருடம் கழித்து உன்னிடமிருந்து கடிதம் வந்திருக்கிறதே என்று ஆசையாகப் பிரித்தேன். 'தொடர் பணி அனுபவம் இல்லாததால் தங்கள் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க இயலவில்லை' என்று இருந்தது. கீழே உன் கையெழுத்து.

ஆமாம், உங்கள் கம்பெனியில் மருத்துவக் கருவிகள் ரிப்பேர் பார்க்கும் வேலைக்கு விண்ணப்பித்தது நான்தான். முன்கூட்டியே உன்னிடம் சொன்னால் சிபாரிசு என்று ஆகிவிடும். படித்த படிப்பை நம்பி, முன்பு நாலு வருடம் பார்த்த வேலையை நம்பி, மரியாதையாக உள்ளே வரலாம் என்றிருந்தேன். வாசலோடு அனுப்பிவிட்டாய்.

கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். கோபம் இருக்கிறது. ஒன்றே ஒன்று சொல். படித்துப் பார்த்துத்தான் தள்ளினாயா? நாலு பஸ் ஸ்டாப் தள்ளி இருந்துகொண்டு கடிதமா என்று சிரிக்காதே. போனில் கேட்டால் "மீட்டிங்ல இருக்கேன்" என்பாய்.

உன் வாலு


மார்ச் 9

வாலு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். டப்பாவைத் திறக்காமலே மூட்டை கட்டிவிட்டேன்.

சத்தியமாக எனக்குத் தெரியாது. பெயர், முகவரி மேல் தாளை ஒட்டி, எண் போட்டுத்தான் விண்ணப்பங்கள் என் மேசைக்கு வரும். வேண்டியவர்களுக்கு வேலை கொடுக்கிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று நானே கொண்டுவந்த ஏற்பாடு. எனக்கு நீ வெறும் எண் 27. வேலையில் இரண்டு வருடத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் கீழ் ட்ரே, அதாவது மறுப்பு. அதுவும் என் விதிதான். உன்னுடையதில் ஆறு வருடத்துக்குக் கோடு இழுத்திருந்தது. மீதியை நான் படிக்கவில்லை. மறுப்புக் கடிதங்களைக் கட்டாகக் கொண்டுவருவார்கள், பெயரைக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

இன்னும் யாரையும் எடுக்கவில்லை. நீ 'ம்' என்று சொல், உன்னுடையதை மேல் ட்ரேக்கு மாற்றிவிடுகிறேன். ஒருவருக்கும் தெரியாது.

அக்கா


மார்ச் 14

அக்கா,

வேண்டாம். உனக்கும் எனக்கும் தெரியுமே.

அந்த ஆறு வருடம் எங்கே போனதென்று உனக்கா தெரியாது? அதில் ஐந்து, அம்மா படுக்கையில் கிடந்த வருடங்கள். "என் வேலையை விட்டா திரும்பக் கிடைக்காதுடி, நீ கொஞ்சம் பாத்துக்கோ" என்றாய். நான் விட்டேன்.

அம்மாவின் ஆக்சிஜன் மெஷின் ஒரு மத்தியானம் நின்றுபோனது. விற்ற கடைக்காரர் நாளைக்கு வருகிறேன் என்றார். அம்மாவுக்குச் சிலிண்டரை மாட்டிவிட்டு, மெஷினை நானே பிரித்து ஓடவைத்தேன். அதற்குப் பிறகு அக்கம்பக்கத்தில் எந்த வீட்டு மெஷின் மக்கர் பண்ணினாலும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். அதையெல்லாம் ஏற்றிவர ஒரு பழைய வேன் வாங்கினேன். அம்மா போன பிறகு காலையில் அதிலேயே பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுகிறேன்.

இதை எழுத உங்கள் படிவத்தில் எங்கே இடம்? 'நிறுவனத்தின் பெயர்' என்று ஒரு கட்டம். அதில் அம்மா என்றா எழுதுவேன்? கோடு போட்டேன்.

என்னை மட்டும் தூக்கி மேலே வைக்காதே. எடுத்தால் ட்ரேயோடு எடு.

வாலு


ஏப்ரல் 2

வாலு,

ட்ரேயை வீட்டுக்கே தூக்கி வந்துவிட்டேன். நாற்பத்தொரு பேர். ஞாயிறு முழுக்கத் தரையில் பரப்பிப் படித்தேன். ஒருவர் கப்பலில் எலக்ட்ரீஷியன். மனைவிக்கு உடம்பு முடியாமல் கரைக்கு வந்து, ரேடியோ கடை வைத்து, அதையும் மூடியவர். இரட்டைப் பிள்ளைகளுக்காக வேலையை விட்ட ஒரு பெண், தாளின் பின்பக்கம் பென்சிலால், 'ஒரே ஒரு முறை ரிப்பேர் பண்ணச் சொல்லிப் பாருங்கள்' என்று எழுதியிருந்தாள். பின்பக்கத்தை நான் திருப்பியதே இல்லை.

திங்கட்கிழமை மேனேஜரிடம் போனேன். "விதியைப் போட்டதும் நீங்க, மாத்தச் சொல்றதும் நீங்களா?" என்றார். "தப்பாப் போட்டுட்டேன் சார். அதுல என் தங்கச்சியும் மாட்டிக்கிட்டா" என்றேன். மறைத்து வைத்து நியாயம் பேச மனசு வரவில்லை. அதனால் இந்த முறை தேர்வு என் பொறுப்பில் இல்லை, ரிப்பேர் பிரிவுத் தலைவி நடத்துகிறார். மேல் ட்ரேக்காரர்களோடு இந்த நாற்பத்தொரு பேருக்கும் பழுதான மெஷினைக் கொடுத்துச் சரிசெய்யச் சொல்வார்கள். முழுநேரம் வர முடியாதவர்களுக்கு வாரம் மூன்று நாள் வேலையும் உண்டு. அதற்குத்தான் அதிகம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. படிவத்தில் 'நிறுவனத்தின் பெயர்' கட்டத்தை எடுத்துவிட்டு, 'இந்த வருடங்களில் என்ன செய்தீர்கள்?' என்று கேட்டு நாலு வரி இடம் விட்டிருக்கிறேன்.

இனி உன் கை, உன் ஸ்குரூ டிரைவர். நான் அந்த அறைப் பக்கமே வரமாட்டேன்.

அக்கா


ஏப்ரல் 20

அக்கா,

எனக்கு வந்த மெஷினில் மூன்று பழுது. இரண்டைப் பிடித்தேன், மூன்றாவதைக் கோட்டை விட்டேன். பக்கத்து மேசையில் உன் பென்சில்காரி மூன்றையும் பிடித்துவிட்டாள். அவளுக்கு முழுநேர வேலை. எனக்கு வாரம் மூன்று நாள். அந்த நாட்களில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுப் பத்து மணிக்கு வந்தால் போதுமாம். எனக்கு இதுதான் தோது. கப்பல்காரருக்கு இந்த முறை இல்லை, ஆனால் அடுத்த தேர்வுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

சொன்னபடி நீ அறைப் பக்கம் வரவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், ஒரே தாளை இரண்டு மணி நேரம் படித்துக்கொண்டிருந்தது யாரென்று எனக்குத் தெரியாதா?

வாலு


ஏப்ரல் 24

வாலு,

புதுப் படிவம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க நானே ஒன்றை நிரப்பினேன். அம்மா படுத்திருந்த ஐந்து வருடத்துக்கு நேராக, 'ஒரு நாள்கூட விடாமல் வேலைக்கு வந்தேன், இரண்டு பதவி உயர்வு' என்று எழுதினேன். எழுதியதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அதற்குக் கீழே, 'என் தங்கை வீட்டில் இருந்ததால்' என்று சேர்த்தேன்.

அம்மா இருக்கும்போதே இதை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வெட்கப்பட்டுத்தான் இந்த ஒரு வருடமும் உன் பக்கம் வராமல் இருந்தேன். மன்னித்துவிடு.

திங்கட்கிழமை பிள்ளைகளை இறக்கிவிட்டு வேலைக்கு வரும்போது என் தெரு வழியாக வா. வேனில் என்னையும் ஏற்றிக்கொள். நீ வரும்வரை வாசலில் நிற்கிறேன்.

உன் அக்கா