கமிஷன் வந்துவிட்டது, அண்ணா

என் அருமை அண்ணா,

நீ போய் இத்தனை வருஷம் கழித்து உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதைப் பத்திரிகையில் போடுகிறோம் என்று சொன்னார்கள். போடட்டும். ஊரே படித்தாலும் இது உனக்கு எழுதியதுதான்.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். சர்க்காரில் வேண்டும், வேண்டும் என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாயே, அப்படி ஒன்று வந்துவிட்டது. வெளிநாடுகளோடு வாணிபத்தையும் கலாசாரப் பரிமாற்றத்தையும் வளர்ப்பதற்கென்றே ஒரு கமிஷன். வெள்ளைக்காரன் போட்டதில்லை, சுதந்திரத்துக்கு அப்புறம் நம்முடைய சர்க்கார் போட்டது. அதன் தூதுக்குழு முதலில் போவது ரங்கூனுக்கு. மொழிபெயர்க்க நான் கூடப் போகிறேன். அடுத்த வாரம் மதராஸில் கப்பல். துள்ளிக் குதிக்க வேண்டிய சேதிதானே? எனக்குச் சாதமே இறங்கவில்லை, அண்ணா.

படிக்கிறவர்களுக்காக உன்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். ஸ்ரீரங்கத்தில் பிறந்து, ரங்கூனில் ஓர் அரிசி ஆலைக்குக் குமாஸ்தாவாகப் போனவன் நீ. பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு, உறையூர்க் கைலியும் திருச்சிச் சுருட்டும் விற்கிற சின்னக் கடை ஒன்று போட்டாய். ஐயங்கார் பிள்ளை சுருட்டு விற்கிறான் என்று இங்கே உறவுக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தாலி கட்டியவரின் முகம்கூட மனசில் பதியாத வயசில் நான் விதவையானபோது, அதே உறவுக்காரர்கள் என்னை மூலையில் உட்கார வைக்கத் தயாராக இருந்தார்கள். நீ கப்பலேறி வந்தாய். "இவளை நான் படிக்க வைக்கப்போறேன்" என்று ஒரே வார்த்தை சொல்லி அழைத்துக்கொண்டு போனாய். ரங்கூனில் உன்னோடும் மன்னியோடும்தான் வளர்ந்தேன். பக்கத்துக் கடையில் பழம் விற்ற பர்மிய அம்மாளோடு பேசிப் பேசியே அவர்கள் பாஷை எனக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் எழுதப் படிக்கக் கற்றது அதற்கப்புறம்தான்.

கடையைச் சாத்திவிட்டு வந்து நீ சொல்வாயே. "சாமான் மட்டும் கப்பலேறிப் போயிண்டிருக்கு, ஜானகி. நாம பத்திரமா இக்கரையிலேயேதான் இருக்கோம். இங்க வந்து இத்தனை காலமாச்சு, நம்மவாள்ல எத்தனை பேருக்கு இவா ஆத்துக்குள்ள என்ன நடக்கறதுன்னு தெரியும்?" சர்க்கார் என்று இருந்தால், சரக்கோடு கூட மனுஷர்களையும் அனுப்ப வேண்டும், அங்கிருந்தும் வரவழைக்க வேண்டும், பாட்டு, படிப்பு எல்லாம் போய் வர வேண்டும் என்று எத்தனை அதிகாரிகளுக்கு மனு எழுதினாய்! ஒருவரும் பதில் போட்டதில்லை.

அப்புறம் யுத்தம் வந்தது. குண்டு விழ ஆரம்பித்ததும் மன்னியையும் என்னையும் கப்பலில் ஏற்றிவிட்டாய். கடை ஆட்களுக்கு வழி பண்ணிவிட்டு வருகிறேன் என்றாய். உனக்குக் கப்பல் கிடைக்கவில்லை. ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்தே புறப்பட்டாய். மலைப்பாதையில் காய்ச்சல் கண்டது. உன்னோடு நடந்து வந்த ஒருவர் எங்களைத் தேடி ஸ்ரீரங்கத்துக்கு வந்து, உன்னை ஒரு மரத்தடியில் விட்டுவிட்டு வந்ததைச் சொன்னார். சொல்லிவிட்டு மன்னி கொடுத்த தீர்த்தத்தைக்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

இப்போது நான் திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். தினம் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போய் வருகிறேன். மன்னியும் நானும்தான் வீட்டில். மூன்று மாதத்துக்கு முன்னால் ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டு, "உங்களுக்குப் பர்மா பாஷை தெரியுமாமே? கமிஷன் இந்த ஊரில் கூடுகிறது. பர்மாவிலிருந்து ஒருவர் வருகிறாராம், மொழிபெயர்க்க ஆள் வேண்டுமாம்" என்றார். உன் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒத்துக்கொண்டேன். அன்றைக்குப் பிடித்த பயம் இன்னும் விடவில்லை.

கூட்டம் ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது. நம் வியாபாரிகளெல்லாம் வந்திருந்தார்கள். கைலிக்காரர்கள், சுருட்டுக்காரர்கள், செயற்கைக் கல் பட்டை தீட்டுகிறவர்கள். மணப்பாறையிலிருந்து ஒருவர் முறுக்கு டின்னோடு வந்து, கப்பலில் ஒரு மாதம் கிடந்தாலும் நமுத்துப் போகாது என்று கமிஷன் தலைவரையே கடித்துப் பார்க்கச் சொன்னார். தலைவர் பழைய ஜட்ஜ், நல்ல மனுஷர். கடித்தார். கலாசாரம் என்று அவர் பேச்சை எடுத்ததும், பின்னாலிருந்து யாரோ, "கச்சேரி கேட்டா கைலி வாங்கிருவாங்களா?" என்றார்கள். மண்டபமே சிரித்தது. எனக்கு உன் மனுக்கள் ஞாபகம் வந்தன. நீ கேட்டது இதைத்தானா, அண்ணா?

பர்மாவிலிருந்து வந்தவர் பெயர் ஊ தின். அங்கே கடைக்காரர்கள் சங்கத்துத் தலைவராம். இங்கிலீஷ் அரைகுறையாகத் தெரியும், ஆனால் என் பாஷையில்தான் பேசுவேன் என்று சொல்லிவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு சொல்லிக்கொண்டிருந்தேன். முதலில் விலை, வரி, கப்பல் கூலி என்று சிரமமில்லாமல் போயிற்று.

பெரிய கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற முத்தையா என்பவர் எழுந்தார். அவரும் ரங்கூனில் பெரிய கடை வைத்திருந்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்து வந்தவர்.

"எங்க வேர்வையில எழும்பின ஊருங்க அது. நாங்க போகலேன்னா அங்க சேறும் கொசுவும்தான். கடையையும் நிலத்தையும் புடுங்கிக்கிட்டு இப்ப நட்பு பேச வந்துட்டாங்க. இதை ஒரு வார்த்தை விடாம அவர்கிட்ட சொல்லுங்கம்மா."

தலைவர் என்னைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த கமிஷன் காரியதரிசி மெதுவாக, "பார்த்து, நயமாச் சொல்லுங்கோ" என்றார். நயமாகச் சொன்னால் கூட்டம் பிழைக்கும். ஆனால் ஊ தின் முத்தையாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் ஒன்றும் நான் ஒன்றும் சொன்னால், அப்புறம் என்னை எப்படி நம்புவார்? நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? எனக்கு யோசிக்க நேரமில்லை. சொன்னதைச் சொன்னபடியே சொல்லிவிட்டேன்.

ஊ தின் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பதில் சொன்னார். அதைத் தமிழில் சொல்ல நான் எழுந்து நிற்க வேண்டியிருந்தது.

"என் அம்மா உங்களைப் போன்றவர்கள் கடையில்தான் ஆயுசு முழுக்கத் துணி வாங்கினாள். ஒரு நாளாவது அவளை யாராவது உட்காரச் சொன்னதுண்டா?"

முத்தையா நின்றபடியே, "என் தம்பி வழியிலேயே செத்துட்டான். அந்த ஊர்க்காரங்க ஒரு வாய் தண்ணி குடுக்கலே. அதையும் கேளுங்க" என்றார்.

நான் கேட்டேன். எந்த வழி என்று ஊ தின் விசாரித்தார். முத்தையா சொன்ன வழி நீ வந்த வழிதான், அண்ணா. நிறுத்தாமல் மொழிபெயர்த்துச் சொன்னேன். ஊ தின் சொன்னார்: "தண்ணீர் கொடுத்தவர்களும் உண்டு. கொள்ளையடித்தவர்களும் உண்டு. இரண்டையும் நான் பார்த்தேன். இல்லையென்று சொல்ல நான் இத்தனை தூரம் வரவில்லை."

தலைவர் கூட்டத்தை மறுநாளைக்குத் தள்ளிவைத்தார். படியிறங்கும்போது காரியதரிசி என்னிடம் சீறினார். "எல்லாத்தையும் கெடுத்துட்டேளே! இந்தக் கமிஷன் இன்னும் கண்ணே முழிக்கலை. அதுக்குள்ள இப்படியா?"

அன்று பஸ்ஸில் திரும்பும்போது நான் பட்ட பாட்டை யாரிடம் சொல்வேன்? நீ ஆசைப்பட்ட ஒன்று கடைசியில் வந்தது, அதை என் வாயாலேயே கலைத்துவிட்டேனோ என்று நினைத்து நினைத்து மாய்ந்தேன். தெற்கு வாசலில் இறங்கிப் பெருமாளைக்கூடச் சேவிக்காமல் வீட்டுக்குப் போனேன். மன்னி தளிகை பண்ணி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். என்ன ஆச்சு என்று கேட்டாள், தலைவலி என்று சொல்லிப் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் நான் போனபோது மண்டப வாசலில் முத்தையா நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார்.

"அம்மா, ராத்திரி பூரா தூங்கலேங்க. அவரு கேட்டாரில்ல, நாங்க உட்காரச் சொன்னதில்லைதான். அவரை நம்ம கடைக்குக் கூட்டிட்டு வர முடியுங்களா? நீங்களும் வரணும். நீங்க இல்லாம எங்களுக்குள்ள பேச்சேது?"

ஊ தின் உடனே கிளம்பிவிட்டார். கடையில் முத்தையா தன் நாற்காலியையே இழுத்துப் போட்டார். ஊ தின் உட்கார்ந்தார். அதோடு சமாதானமாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. நிலத்தைப் பற்றியும் அரிசியைப் பற்றியும் மத்தியானம் வரைக்கும் சண்டைதான். இரண்டு பேருக்கும் நடுவில் என் தொண்டை வறண்டுபோயிற்று. ஆனால் உட்கார்ந்துகொண்டு சண்டை போட்டார்கள். கிளம்பும்போது ஊ தின் தலைவரிடம் சொல்லி அனுப்பினார்: ரங்கூனுக்கு ஆள் அனுப்புவதென்றால் இந்த வியாபாரியை அனுப்புங்கள், மொழிபெயர்க்க இந்த அம்மாவையே அனுப்புங்கள், வேறு யாரும் வேண்டாம்.

சர்க்கார் உத்தரவு போன மாதம் வந்தது. காரியதரிசியே கொண்டுவந்து கொடுத்தார், முகத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு.

அதிலிருந்து வீட்டில் நிம்மதியில்லை. பத்திரிகையைத் திறந்தால் பர்மாவில் உள்நாட்டுச் சண்டை, ரங்கூனுக்குப் பக்கத்திலேயே பீரங்கிச் சத்தம் என்று போடுகிறான். சித்தப்பா வந்து, "கடல் தாண்டறது போறாதுன்னு கலவரம் நடக்கற ஊருக்கா? கமிஷனாம் கமிஷன்! அண்ணன் போனது போறாதா?" என்று கத்திவிட்டுப் போனார். மன்னி ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. எனக்கும் பயம்தான், அண்ணா. குண்டுக்குப் பயம். நம் வீதி இருக்கிறதா, அந்தப் பழக்கார அம்மாள் உயிரோடு இருக்கிறாளா என்று பயம். இதெல்லாம் கடைசியில் பெரிய முதலாளிகளுக்கு லைசென்ஸ் வாங்கிக்கொடுக்கிற ஆபீஸாக மட்டும் முடிந்துவிடுமோ என்று வேறொரு பயம். நீ இருந்தால் எது நியாயமான பயம், எது வீண் பயம் என்று பிரித்துச் சொல்வாய். எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

நேற்று அடுக்களையில் புளிக்காய்ச்சல் வாசனை வந்தது. கப்பலுக்குத்தான். மன்னி அடுப்பைப் பார்த்தபடியே பேசினாள்.

"போகாதேன்னு நான் சொல்லப்போறதில்லை, ஜானகி. அவர் இருந்தா உன்னைப் பிடிச்சுத் தள்ளியிருப்பார். ஒண்ணே ஒண்ணு. அங்க போய் அந்த வழியை விசாரிச்சுண்டு, அந்த மரத்தைத் தேடிண்டு கிளம்பாதே. எனக்கு அந்த மரத்தடி மண்ணு வேண்டாம். எனக்கு நீ வேணும்."

மனசுக்குள் நான் அப்படி ஒரு எண்ணம் வைத்திருந்தது அவளுக்கு எப்படித் தெரிந்தது?

ஆகையால் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். உன்னைத் தேடிக்கொண்டு நான் ரங்கூனுக்கு வரவில்லை, அண்ணா. வேலைக்கு வருகிறேன். அங்கே யார் நம்மை என்ன சொன்னாலும், நம்மவர்கள் அவர்களை என்ன சொன்னாலும், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன். பயம் போய்விடும் என்று வாக்குத் தர முடியாது. பயந்துகொண்டே சொல்வேன். முடிந்ததும் முதல் கப்பலில் மன்னியிடம் திரும்பி வந்துவிடுவேன்.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்த தங்கை,
ஜானகி
ஸ்ரீரங்கம்