கப்பல் வரும்வரை ஒரே விலை

நவம்பர் 12

இந்த வருடத்தின் கடைசி எண்ணெய்க் கப்பல் மதியம் கிளம்பிவிட்டது. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் எல்லாம் இந்த எண்ணெயில்தான் எரிகிறது. கிடங்குக் கதவில், அதைப் பார்த்துக்கொள்ளும் சகரியா விலைச் சீட்டை ஒட்டினான். லிட்டர் ஒரு டாலர் முப்பத்திரண்டு சென்ட். ஜூன் கடைசியில் அடுத்த கப்பல் வரும்வரை இதுதான் விலை. கடல் உறைந்து கப்பல் வராத மாதங்களில் கனடாவின் வடகிழக்கே எங்கள் லாப்ரடார் கரையோர ஊர்களுக்கு விலையை மாற்றக் கூடாது என்பது மாகாணத் தலைநகரில் இருக்கும் விலை வாரியத்தின் விதி.

"ஏன்டா, விலையைப் பூட்டறதுதான் பூட்டறீங்க, இவ்வளவு உச்சத்துலயா பூட்டுவீங்க?" என்றேன்.

"நான் சீட்டு ஒட்டறவன், தபேயாக்கா. பூட்டினவங்க தலைநகர்ல இருக்காங்க. போன் போட்டுத் திட்டுங்க."

திட்டத்தான் போகிறேன்.

நவம்பர் 15

போட்டேன். வாரியத்தில் ஒரு பெண் எடுத்தாள். பத்து நிமிடம் நான் கத்தியதைக் குறுக்கே பேசாமல் கேட்டாள். "வெளியில இறங்கினா உங்களுக்கு இறங்காதும்மா, உண்மைதான். ஆனா ஏறினாலும் ஏறாது" என்றாள். நல்ல சமாளிப்பு. சம்பளம் வாங்குகிறாள், சொல்லத்தானே வேண்டும்.

டிசம்பர் 20

விரிகுடா இன்னும் உறையவில்லை. பனியின் மேல் வண்டி ஓட்டி அக்கரையில் விறகு வெட்டி வருகிறவர்கள் எல்லாரும் வீட்டிலேயே உட்கார்ந்து எண்ணெயை எரிக்கிறார்கள்.

ஜனவரி 11

உறைந்துவிட்டது. காலையில் கதவைத் திறந்தால் அலைச் சத்தம் இல்லை. இத்தனை பெரிய கடல் வாயை மூடிக்கொண்டு கிடக்கிறது. ஐம்பத்து நாலு வயதில் இதை எத்தனை முறை பார்த்தாயிற்று! இன்றும் வாசலில் நின்றுவிட்டேன், தேநீர் ஆறிப்போனது.

பிப்ரவரி 6

தேவாலயத்தில் பெனிக்னா மதினி என் முன் வரிசையில் இருமிக்கொண்டிருந்தாள். ஓபேதின் அக்கா. ஐந்து வருடத்துக்கு முன்னால் மெல்லிய பனியில் வண்டியோடு போன என் புருஷன் ஓபேத் திரும்பவில்லை. "நீ தடுத்திருக்கணும்" என்று அடக்கத்தன்று எல்லார் முன்னாலும் சொன்னாள். அன்றோடு பேச்சு நின்றது. அவள் வீடு ஓட்டை வீடு, எவ்வளவு ஊற்றினாலும் சூடு நிற்காது. எனக்கென்ன?

மார்ச் 5

எங்கோ போராம். தலைநகரில் எண்ணெய் லிட்டர் இரண்டு டாலரைத் தாண்டிவிட்டது என்று வானொலியில் சொன்னார்கள். அங்கே சனங்கள் கோட்டோடு தூங்குகிறார்களாம். கோட்டை மாட்டிக்கொண்டு கிடங்குக்கு ஓடினேன். சீட்டின் மூலை சுருண்டிருக்கிறது. ஆனால் விலை அதேதான். ஒன்று முப்பத்திரண்டு.

அதன் முன்னால் எவ்வளவு நேரம் நின்றேனோ. எங்கள் கடலைப் பார்த்தே இராத யாரோ நாலு பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து எழுதிய ஒரு விதி. அது உலகத்தையே தள்ளி நிறுத்திவிட்டு, எங்கள் முந்நூறு வீட்டுக்காக நிற்கிறதே! நினைக்க நினைக்கப் பிரமிப்பாக இருக்கிறது. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும்.

(கேட்கவில்லை. வெட்கம்.)

மார்ச் 14

சகரியா பெரிய தொட்டியில் கோல் விட்டு அளந்திருக்கிறான். மாலை ஆறு மணிக்கு வயர்லெஸ்ஸில் எல்லா வீட்டுச் சமையலறைக்கும் சொன்னான். "இப்படியே எரிச்சா மே மாச நடுவுல காலி. கப்பல் ஜூன் கடைசிக்குத்தான். ப்ளேன்ல கொண்டுவர்றது ஆஸ்பத்திரிக்கே காணாது."

விலையை நிறுத்தி வைக்கலாம். எண்ணெயை? விலை ஏறியிருந்தால் பயந்து கையை அடக்கியிருப்போம். ஏறவில்லை என்று வீட்டுக்குள் மெல்லிய சட்டையோடு திரிந்தோம். நானும்தான்.

மார்ச் 15



ஆறு மணிக்கு வயர்லெஸ்ஸில் முதலில் வந்தது படகு பழுது பார்க்கும் போவாஸ். "நாங்க ஆறு பேரும் அண்ணன் வீட்டுக்குப் போறோம். எங்க ஃபர்னஸ அணைச்சாச்சு. அவ்வளவுதான்."

அடுத்தது பள்ளிக்கூட டீச்சர் சலோமி. "என் வீட்டுல ரெண்டு ரூம் சும்மா கெடக்கு. குறட்டை விடாதவங்க வாங்க."

"அப்போ இந்த ஊர்ல ஆளே கெடையாது, டீச்சர்!" என்றது ஏதோ ஒரு குரல்.

அப்புறம் ஒருவர் பின் ஒருவராக. யாரும் உத்தரவு போடவில்லை, எந்த வாரியமும் சொல்லவில்லை. ஒரு மணி நேரத்தில் எண்பது வீட்டு ஃபர்னஸ் அணைந்தது. அணைத்தேன், அணைத்தேன் என்று ஒவ்வொரு குரலாக வர, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இந்த ஊரையா நான் இத்தனை நாள் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்?

பெனிக்னாவின் பெயரை மட்டும் யாரும் எடுக்கவில்லை. என் வீட்டில் பின்னறை காலி என்று ஊருக்கே தெரியும். வயர்லெஸ் சும்மா இரைந்துகொண்டிருந்தது. எல்லாரும் காத்திருந்தார்கள் — எனக்காகத்தான், வேறு யாருக்கு?

வயர்லெஸ் பொத்தானை அழுத்தினேன். "மதினி... பின்னறை காலியாத்தான் இருக்கு. வெயில் வரும்."

மதினியின் குரல் வந்தது.

"உன் சமையலையா திங்கணும்?"

"புடிக்கலைன்னா நீங்களே ஆக்குங்க."

"சரி. காலையில வரேன். என் கட்டிலோட."

முந்நூறு சமையலறையும் கேட்டது.

மார்ச் 16

வந்துவிட்டாள். கட்டில், தையல் மெஷின், உறைந்த மீன் ஒரு சாக்கு. என்னோடு பேசுவதற்கு முன் என் பாத்திரங்களைத் திரும்பக் கழுவினாள்.

ஏப்ரல் 2

நான் ஃபர்னஸைக் கூட்டுகிறேன், அவள் குறைக்கிறாள். "ஊரே சேர்ந்து சேமிக்குது, நீ என்ன மகாராணியா?" மகாராணி கம்பளிக்குள் உட்கார்ந்து இதை எழுதுகிறாள்.

ஏப்ரல் 19

உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல், "அடக்கத்தன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள்.

"உப்பை எடுங்க" என்றேன்.  பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மே 30

பெரிய தொட்டியில் விட்ட கோல் இன்னும் நனைகிறதாம். ஒரு முழம்.

ஜூன் 27

கப்பல்! ஊரே கரைக்கு ஓடியது. புதுச் சீட்டு: இரண்டு டாலர் ஒன்பது சென்ட். திட்டக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

சாயங்காலம் சகரியா குழாயை இழுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தான். "பெனிக்னாக்கா, உங்க வீட்டுத் தொட்டிக்கு எவ்வளவு ஊத்தட்டும்?"

மதினி தையலை நிறுத்தவில்லை. "அங்க யாருடா இருக்கா? இங்க ஊத்து."

நான் போய் எங்கள் தொட்டியின் மூடியைத் திறந்துவிட்டேன்.