பதினோரு நாள் அழகுராணி

9.8.1976, திங்கள்

மலையில் மழை. காய் ஏற்றிவரும் ஜீப்பு இறங்கவில்லை, அதனால் ஏலக்காய்க் கிட்டங்கியில் பொறுக்குகிற வேலையும் இல்லை. சும்மா இருந்தால் மனசு பம்பாய்க்கே ஓடுகிறது.

பாரத அழகுராணிக் கிரீடம் என் தலையில் இருந்தது பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் கமிட்டிக்காரர்கள் ஐந்து பேர் என்னை அறைக்குள் கூப்பிட்டு ஒரு போட்டோவை மேசையில் போட்டார்கள். "உனக்குச் சின்ன வயதிலேயே கல்யாணம் ஆகியிருக்கிறது. மறைத்துவிட்டாய்."

விண்ணப்பத்தோடு சிறுவயதுப் படம் கேட்டிருந்தார்கள். வீட்டில் இருந்தது ஒன்றுதான், என் சடங்கன்று எடுத்தது. பட்டுப்புடவை, கழுத்தில் மாமன் போட்ட மாலை. பக்கத்தில் மாமா மகன் மொக்கையன் மச்சான். அவர் கழுத்திலும் ஒரு மாலை. "புது மாப்ள கணக்கா நில்லுடா" என்று அவர் அம்மா சோலையம்மாள் அத்தை கேலிக்கு மாட்டிவிட்டது. பம்பாய்க்காரன் கண்ணுக்கு அது கல்யாணம் இல்லாமல் வேறென்ன?

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஐந்து ஆண்கள் முன்னால் நான் பெரியவளான கதையை எப்படிச் சொல்வது? "வீட்டு விசேஷம்" என்றேன். "என்ன விசேஷம்?" என்றார்கள். வாய் திறக்கவில்லை. அடிப் பாவி, மேடையில் குளியல் உடுப்போடு நடந்தவதானே நீ? அங்க வராத வெக்கம் இங்கயா வரணும்?

2.9.1976

கிரீடத்தை இரண்டாவதாக வந்த பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்களாம். கமிட்டிக்குக் கடிதம் எழுதினேன். அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் எழுதுவதற்குள் நாலு தாள் கிழிந்தது. தபாலில் போட்டுவிட்டு வரும்போது யாரோ பின்னாலிருந்து படிப்பது போலவே இருந்தது.

21.11.1976

சிலமலையிலிருந்து அத்தை வந்தது. பூ, பழம், தேங்காய்.

"ஊரே கட்டியாச்சுங்குது. பேப்பர்லயும் போட்டுட்டான். பேசாம கட்டி வச்சிருவோம், தாயி."

அம்மாவுக்கு முகமெல்லாம் பல். மச்சான் வெளியே ஜீப்பில் சாய்ந்து நின்றார். எனக்கு அவரைப் பிடிக்கும். ரொம்பப் பிடிக்கும். இதை இங்கேதான் எழுத முடிகிறது.

ஆனால் இப்போது கழுத்தை நீட்டினால் கமிட்டிக்காரர்கள் சொன்னது சரி என்றாகிவிடாதா? நான் பொய் சொன்னவள் என்றே நின்றுவிடாதா?

"பம்பாயிலருந்து பதில் வரட்டும் மச்சான்" என்றேன்.

"வரட்டும். நான் எங்க போகப்போறேன்?"

14.3.1978

வரவில்லை.

30.8.1978

இந்த வருஷத்து ராணியையும் இறக்கிவிட்டார்களாம். கமிட்டி இரண்டாக உடைந்து, ஆளுக்கொரு ராணி வைத்திருக்கிறார்கள். என் கடிதத்துக்கு ஒரு கமிட்டி பதில் போட்டிருக்கிறது: மற்றக் கமிட்டியைக் கேட்கவும். மற்றக் கமிட்டி: பழைய கமிட்டியைக் கேட்கவும். சிரித்தேன். பிறகு அழுதேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

6.5.1979

மச்சானுக்குப் பொட்டிபுரத்தில் பெண் பார்த்திருக்கிறார்கள். அவரே வந்து சொன்னார்.

"இன்னும் எத்தன வருசம் பொன்னு?"

"இந்த ஒரு கடுதாசிதான்."

"இந்தக் கடுதாசியிலயே ஒன் உசுரு போகுது. எனக்குத் தெரியும் ஒனக்குக் கல்யாணம் ஆகலன்னு. நான் ஒருத்தன் சொன்னா பத்தாதா?"

பத்தவில்லை. அதை அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். ஏன் சொன்னேன்?

15.6.1979

போனேன். மொய் எழுதினேன். சாப்பிட்டேன். வந்தேன்.

2.2.1982

அம்மா போய் நாற்பது நாள். பேச ஆள் இல்லை. கிட்டங்கியில் எல்லோரும் பேசுகிறார்கள், என்னிடம் மட்டும் கொஞ்சம் மரியாதையாக. மரியாதை என்றால் தள்ளி உட்காருவது.

19.7.1982

இந்த வருஷம் போட்டியே கிடையாதாம். மண்டபத்து வாசலில் பெண்கள் மறியல் என்று பேப்பரில் படம். பெண்களைச் சந்தையில் நிறுத்தாதே என்று அட்டை பிடித்திருக்கிறார்கள். அவர்கள் சொல்வது நியாயம்தான். அப்படியானால் நான் எதற்காகக் காத்திருக்கிறேன்? இருந்தும் போன வாரம் இன்னொரு கடிதம் போட்டேன். வீம்பு. வேறென்ன.

11.10.1984, வியாழன்

பதில் வந்துவிட்டது.

புதிதாக வந்த கமிட்டி பழைய கோப்புகளையெல்லாம் பார்த்ததாம். மதுரைப் பெண் ஒருத்தி அந்தக் கமிட்டியில் இருக்கிறாள். போட்டோவைப் பார்த்த உடனே, இது சடங்கு என்று சொல்லிவிட்டாளாம். உடனே! 1976-க்கு நான்தான் ராணி. கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கிறது.

கிட்டங்கியில் படித்துக் காட்டினேன். "இனி என்னத்தா குடுப்பாக?" என்றாள் குருவம்மாள் அக்கா.

"ஒண்ணுமில்லக்கா."

சாயங்காலம் மச்சான் லோடு இறக்க வந்தார். கடிதத்தை நீட்டினேன். "எனக்கு இங்கிலீசு வராது, நீயே படி" என்றார். தமிழில் சொன்னேன்: "மேற்படி பொன்னுமணி, படத்திலிருக்கும் நபருக்கோ வேறு எவருக்குமோ எக்காலத்திலும் மனைவியாக இருந்ததில்லை என்று இந்தக் கமிட்டி உறுதி செய்கிறது."

அவர் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

"செயிச்சுட்ட பொன்னு."

ஆமாம். எட்டு வருஷம் எழுதி எழுதி, நான் இவர் மனைவி இல்லை என்று முத்திரை குத்தி வாங்கிவிட்டேன்.